வினை ஈற்றில் நிற்கும் கணக்கு

கலஹாவிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதி பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடே ஓடுகின்றது. அவ்விடத்திலும் அதன் பெயர் கலஹா வீதியே. தேயிலைச் சரிவுகளினின்று இறங்கிச் செல்லும் எம் பிள்ளைகளுக்கு, தம் ஊர்ப் பெயர் தாங்கிய வீதியிலேயே உயர்கல்வியின் வாயில் திறந்திருக்கின்றது. ஆயினும் அவ்வாயிலைக் கடந்த பின்னரும் எம்மவர் தயங்கி நிற்கும் இடங்கள் சில உள. அவற்றுள் ஒன்று, அளவிற் சிறிதாயினும் ஆராயத் தக்கது என்று கருதி, இந்த யூபிலி மலரில் அதனை எடுத்துக்கொள்கின்றோம்.

கணினி விஞ்ஞானம் பயிலப் புகுவோர் தொடக்க ஆண்டுகளிலேயே ‘மறுதலைப் போலந்துக் குறியீடு’ என்னும் ஒன்றைச் சந்திப்பர். மூன்றையும் நான்கையும் கூட்டுவதை 3 + 4 என எழுதிப் பழகியவர்கள் நாம். இக்குறியீட்டிலோ அது 3 4 + என எழுதப்படும். எண்கள் முன்னே நிற்கும். செய்கைக் குறி பின்னே நிற்கும். அடைப்புக்குறி என்பதே கிடையாது. இதென்ன தலைகீழ்க் கணக்கு என்று மாணவன் மருள்கின்றான். விரிவுரை ஆங்கிலத்தில் நடப்பதால் மருட்சி இரட்டிக்கின்றது. தன் அறிவிலேதான் குறை போலும் என்று எண்ணிவிடுகின்றான். அவன் பேசும் மொழியிலேயே அக்கணக்கின் ஒழுங்கு முழுவதும் அமைந்து கிடப்பதை அவனுக்கு எவரும் எடுத்துரைப்பதில்லை. இதனை வாசிக்கும் பயிற்சி, மாணவர் பல்கலைக்கழகம் புகுமுன்னரே, எமது கல்லூரியிலே, தமிழிலே தொடங்கப்பெறல் வேண்டும் என்பதே எமது கருத்து.

3 4 + என்பதைத் தமிழில் உரக்க வாசித்துப் பாருங்கள். ‘மூன்றையும் நான்கையும் கூட்டு.’ ஓர் எண்ணும் இடம் பெயரவில்லை. ‘கூட்டு’ என்னும் வினை, தமிழ் வாக்கியத்தில் வினை நிற்கவேண்டிய இடத்திலேயே, ஈற்றில் நிற்கின்றது. கழித்தலைப் பார்த்தால் இப்பொருத்தம் இன்னும் தெளிவாகும். 10 3 − என்பது ‘பத்திலிருந்து மூன்றைக் கழி’ என்பதாகும். ஆங்கிலத்தில் இதனைக் கட்டளையாகச் சொல்லப் புகுவோர், கழி என்பதை முதலிலும், மூன்றை அதன் பின்னும், பத்தை இறுதியிலும் வைப்பர். எழுத்திலுள்ள வரிசைக்குப் பேச்சிலுள்ள வரிசை நேர்மாறாகிவிடும். வகுத்தலும் அவ்வாறே. 12 4 ÷ என்பது ‘பன்னிரண்டை நான்கால் வகு’ என்று தமிழில் இயல்பாக ஓடுகின்றது. எதை எதனால் வகுப்பது என்ற ஐயத்துக்கு இடமில்லை. உருபுகள் அதனைக் காத்து நிற்கின்றன.

இனி, இக்குறியீட்டால் விளையும் நன்மை யாதென ஒருவர் வினவலாம். 2 + 3 × 4 என்பதைக் கீழ் வகுப்பு மாணவனிடம் கொடுங்கள். இடமிருந்து வலமாகச் செய்து 20 என்பான். பெருக்கலை முன்னர்ச் செய்தல் வேண்டும் என்னும் விதியைக் கற்றவன் 14 என்பான். பின்னையவன் கூறுவதே சரி. ஆனால் அதனைச் சரியாக்குவது எழுத்து அன்று, எழுத்துக்கு வெளியே நின்று மனப்பாடம் செய்யப்பட்ட விதி. அவ்விதியை மீற விரும்பினால் அடைப்புக்குறி இடவேண்டும். அடைப்புக்குள் அடைப்பு வந்தால் கண் முன்னும் பின்னும் அலைய வேண்டும்.

நன்னூல் பயின்றோர் இங்கே பொருள்கோள் வகைகளை நினைத்துக்கொள்ளலாம். அங்குக் கூறப்பட்ட எட்டனுள், ஆற்றுநீர்ப் பொருள்கோள் என்பது நீரோட்டம் போல நெறியே சென்று பொருள் தருவது. கொண்டுகூட்டு என்பது ஆங்காங்கே கிடக்கும் சொற்களை எடுத்துவந்து இணைத்துப் பொருள் கொள்வது. நாம் பள்ளியில் எழுதும் கணக்கு கொண்டுகூட்டாக அமைந்தது. மறுதலைப் போலந்துக் குறியீடு ஆற்றுநீராக அமைந்தது. 2 3 4 × + என்றால் 14. 2 3 + 4 × என்றால் 20. இரண்டுக்கும் விதி வேண்டா, அடைப்பு வேண்டா. எழுதியிருக்கும் வரிசையே செய்யவேண்டிய வரிசை.

வாசிக்கும் முறையை ஒரு கணக்கால் விளக்குவோம். கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பாராத பிள்ளை எமது பகுதியில் இல்லை. ஒரு பெண் காலையில் 9 கிலோவும், நண்பகலில் 11 கிலோவும், மாலையில் 8 கிலோவும் நிறுத்தாள் என்று கொள்வோம். மூன்று நிறுவையிலும், கூடைக்கும் ஈரத்துக்குமாக ஒவ்வொரு முறையும் 2 கிலோ கழிக்கப்படுகின்றது என்றும் கொள்வோம். அவள் பெயரில் எழுதப்படவேண்டிய நிறை இவ்வாறு அமையும்:

9 11 + 8 + 3 2 × −

இதனை இடமிருந்து வலமாகப் படித்துச் செல்க. எண் வந்தால் அதனை அடுக்கின் மேல் வை. குறி வந்தால் அடுக்கின் மேலிருந்து இரண்டை எடு. முன்னர் வைத்ததை முதலாவதாகவும் பின்னர் வைத்ததை இரண்டாவதாகவும் கொண்டு அச்செய்கையை முடி. விடையை அடுக்கின் மேல் வை. இவ்வளவே. உபாத்தியாயரின் மேசையில் கொப்பிகள் அடுக்கப்படுவதைப் போல என்று கொள்ளலாம். இறுதியில் வைத்த கொப்பியே முதலில் கைக்கு வரும்.

ஒன்பதும் பதினொன்றும் அடுக்கில் ஏறுகின்றன. கூட்டற்குறி அவ்விரண்டையும் எடுத்து இருபதை வைக்கின்றது. எட்டு ஏறுகின்றது, அடுத்த கூட்டற்குறி இருபத்தெட்டை வைக்கின்றது. இங்கே பலர் தடுமாறும் இடம் வருகின்றது. மூன்று வந்ததும் கை இருபத்தெட்டைத் தேடி ஓடும். ஓடவிடலாகாது. குறி வரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். மூன்றும் இரண்டும் இருபத்தெட்டின் மேலே ஏறியிருக்க, பெருக்கற்குறி மேலுள்ள அவ்விரண்டை மட்டும் எடுத்து ஆறை வைக்கின்றது. கீழே இருபத்தெட்டு தீண்டப்படாமல் காத்திருக்கின்றது. ஈற்றில் வரும் கழித்தற்குறி இருபத்தெட்டிலிருந்து ஆறைக் கழித்து இருபத்திரண்டை வைக்கின்றது. அடுக்கில் ஒன்றே எஞ்சியது, அதுவே விடை. 22 கிலோ.

தன் தாயின் துண்டில் எழுதப்பட்ட எண் எங்ஙனம் வந்தது என்பதை இவ்வாறு ஒவ்வொரு படியாகச் சொல்லவல்ல பிள்ளை, அத்துண்டைக் கண்மூடி ஏற்கும் பிள்ளையாக இராது. இஃது இடைப்பிறவரலாகச் சொல்லியது. ஆயினும் எண்ணும் எழுத்தும் எமது மக்களுக்கு ஏன் வேண்டும் என்று கேட்போர்க்கு இதனினும் நேரான விடை எம்மிடம் இல்லை.

மேலே கண்ட கணக்கை வாக்கியமாக்கினால் தமிழிலக்கணம் முழுவதும் துணைக்கு வருகின்றது. ‘ஒன்பதையும் பதினொன்றையும் கூட்டி, அதனோடு எட்டைக் கூட்டி, அத்தொகையிலிருந்து, மூன்றை இரண்டால் பெருக்கி வந்ததைக் கழி.’ நடுவே வரும் குறிகள் எல்லாம் ‘கூட்டி’, ‘பெருக்கி’ என வினையெச்சங்களாயின. இறுதிக் குறி ஒன்றே ‘கழி’ என முற்றாயிற்று. எச்சம் என்பது முடியாது நின்று வேறொன்றை வேண்டுவது. அடுக்கின் மேல் வைக்கப்பட்ட இடைவிடையும் அத்தகையதே. இரு பகுதிகளைத் தனித்தனியே செய்து இணைக்குமிடத்துப் பெயரெச்சம் உதவுகின்றது. 3 4 + 10 2 − × என்பதை, ‘மூன்றையும் நான்கையும் கூட்டிய தொகையைப் பத்திலிருந்து இரண்டைக் கழித்த மீதியால் பெருக்கு’ என வாசிக்கலாம். ஏழை எட்டால் பெருக்க 56. பள்ளி எழுத்தில் இதற்கு இரண்டு அடைப்புகள் வேண்டியிருந்திருக்கும். தமிழ் வாக்கியத்தில் அடைப்பு எதனையும் நாம் உச்சரிக்கவில்லை. ‘கூட்டிய’, ‘கழித்த’ என்னும் இரு சொற்களே அவ்வேலையைச் செய்துவிட்டன.

பிழையான கோவையைக் கண்டுபிடிப்பதும் இலக்கணப் பிழை காண்பதைப் போன்றதே. குறி வந்தபோது அடுக்கில் இரண்டு எண்கள் இல்லையாயின், வினைக்கு வேண்டிய பெயர் இல்லை. எல்லாம் வாசித்து முடிந்தும் அடுக்கில் ஒன்றுக்கு மேல் எஞ்சினால், பெயர்கள் நிற்க வினை வரவில்லை. எழுதும்போது எண்களுக்கிடையே இடைவெளி விடுதலும் இன்றியமையாதது. 12 3 என்பது வேறு, 1 23 என்பது வேறு. புள்ளியும் இடைவெளியும் பொருளை மாற்றும் என்பது ஏடு பெயர்த்து எழுதிய மரபினருக்குப் புதிதன்று.

இவ்வளவும் கேட்ட ஒருவர் நியாயமான தடை ஒன்றை எழுப்பலாம். தமிழில் உருபு எண்ணோடு ஒட்டி வருவது. ‘பத்திலிருந்து’ என்று சொல்வதா, ‘பத்தை’ என்று சொல்வதா என்பது பின்னே வரும் குறியைக் கண்ட பிறகே தெரியும். அங்ஙனமாயின் வாசிப்பவன் முன்னோக்கிப் பார்க்கவேண்டியவன் ஆகின்றான் அல்லனோ? உண்மைதான். இதற்கு எமது பழைய பாடமுறையே வழி காட்டுகின்றது. செய்யுளை முதலில் சொற்பிரித்துப் படிப்போம். பின்னர்ப் பொழிப்புரை சொல்வோம். இங்கும் முதல் வாசிப்பில் உருபின்றி, ‘பத்து, மூன்று, கழி’ என்று மட்டும் படித்து அடுக்கை நடத்துக. கணக்கு எழுதுவோர் எண்களை இவ்வாறு உருபின்றி வாய்விட்டுச் சொல்லிச் செல்வதை நாம் கேட்டதுண்டு. இரண்டாம் வாசிப்பில் உருபு சேர்த்து வாக்கியமாக்குக. முதல் வாசிப்பு விடையைத் தரும். இரண்டாவது, விடையின் பொருளைத் தரும். இரண்டும் வேண்டும் என்பது எமது துணிபு. முதலாவதோடு நிறுத்திக்கொள்வது இயந்திரத்துக்குப் போதும், மாணவனுக்குப் போதாது.

இக்குறியீட்டுக்குப் போலந்தின் பெயர் வந்த வரலாறு சுவையானது. யான் வுகாசியேவிச் என்னும் தருக்க அறிஞர் 1878இல் லிவோவ் நகரிற் பிறந்தவர். 1919இல் போலந்தின் கல்வி அமைச்சராகவும், பின்னர் வார்சோப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் விளங்கியவர். போரினால் நாடிழந்து, அயர்லாந்தின் டப்ளின் நகரிற் புகலடைந்து, 1956இல் அங்கேயே மறைந்தார். அவர் 1924இல், தருக்கக் கோவைகளை அடைப்பின்றி எழுதுவதற்காகக் குறியை முன்னே வைக்கும் முறையைக் கண்டார். அதாவது + 3 4. அவரது பெயரைச் சொல்லப் பிறருக்கு நா எளிதில் வளையாமையால் அவர் நாட்டின் பெயரே முறைக்கு நிலைத்தது என்பர். அம்முறையைத் திருப்பிக் குறியைப் பின்னே வைத்ததால் ‘மறுதலை’ என்னும் அடை சேர்ந்தது. 1954இல் அமெரிக்காவில் பேர்க்ஸ், வாரன், ரைட் என்னும் மூவர் இதனை முன்மொழிந்தனர். 1957இல் சிட்னியில் தத்துவம் கற்பித்த சாள்ஸ் ஹம்ப்ளின் என்பார், தம் பல்கலைக்கழகத்துக் கணினிக்காக இதே வழியைக் கண்டு, அடுக்கையும் அதனோடு இணைத்தார். தருக்கமும் தத்துவமும் கற்பித்தோரே இவ்விரு படிகளையும் அமைத்தனர் என்பது, அக்கல்வியால் சோறு கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோர் கவனத்துக்குரியது.

1972இல் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் சட்டைப்பையில் அடங்கும் எச்.பி. 35 என்னும் விஞ்ஞானக் கணிப்பானை 395 டொலர் விலைக்கு வெளியிட்டது. அதில் சமன் குறி விசையே இல்லை. எண்ணை இட்டு, ஏற்றி, அடுத்த எண்ணை இட்டு, குறியை அழுத்தினால் விடை வரும். 1981இல் வந்த அதன் உறவான எச்.பி. 12சி, வங்கித் தொழிலாளர் கைகளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துள்ளது. அச்சகத்துக்கு ஒரு நூலை அனுப்பப் பயன்படும் பி.டி.எஃப். கோப்பைத் திறந்து அதன் உள்ளீட்டை நோக்கினாலும் இவ்வொழுங்கையே காணலாம்: இடத்தைக் குறிக்கும் எண்கள் முன்னும், ‘நகர்’, ‘கோடு வரை’ என்னும் ஏவல்கள் பின்னும் நிற்கும்.

எமது உபகண்டத்தவர் இதற்கு முற்றும் அயலவர் என்றும் சொல்லுதற்கில்லை. 1881இல் பெஷாவருக்கு அண்மையிலுள்ள பக்ஷாலி என்னும் ஊரில், பூர்ஜ மரப்பட்டையில் எழுதிய கணித ஏடு ஒன்று மண்ணிலிருந்து கிடைத்தது. 1902 முதல் ஒக்ஸ்போட் நகரின் பொட்லியன் நூலகத்தில் உள்ளது. 2017இல் அதன் மூன்று பட்டைகளைக் கரிமச் சோதனைக்கு உட்படுத்தியபோது, ஒன்று கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டுகளையும், மற்றவை எட்டாம், பத்தாம் நூற்றாண்டுகளை ஒட்டிய காலத்தையும் காட்டின. காலத்தைப் பற்றிய வாதம் அறிஞரிடையே முடியவில்லை. எமக்கு இங்கு வேண்டியது அதன் எழுத்துமுறை. கூட்டுதலைக் குறிக்க ‘யுத’ என்பதன் முதலெழுத்தும், பெருக்கலுக்குக் ‘குண’ என்பதன் முதலெழுத்தும், மூலத்துக்கு ‘மூல’ என்பதன் முதலெழுத்தும் எண்களுக்குப் பின்னே இடப்பட்டுள்ளன. 1150ஐ ஒட்டி வாழ்ந்த பாஸ்கரரின் வீஜகணித மரபிலும், தெரியாக் கணியத்தின் பெயருக்குப் பின்னே ‘வர்க்கம்’ என்பதன் முதலெழுத்தை வைத்து அதன் வர்க்கத்தைக் குறித்தனர். வினையை ஈற்றில் வைத்துப் பேசியோர் வினையை ஈற்றில் வைத்து எழுதினர்; இது வியப்பன்று.

ஆயினும் இதனைக் கொண்டு, கணினியை எம் முன்னோர் ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே கண்டனர் என்று மேடையிற் பேசப் புறப்படும் அன்பர்களை இரு கரம் கூப்பித் தடுத்துக்கொள்கின்றோம். பக்ஷாலி ஏட்டில் அடுக்கு முறை இல்லை. எக்குறி எவ்வெண்களைச் சாரும் என்பதைப் பல இடங்களில் சூழலால் உணரவேண்டியுள்ளது. கரணியைக் குறிக்கும் எழுத்தைப் பிற்காலத்தார் எண்ணுக்கு முன்னேயே வைத்தனர். கணினிக்கு மிகப் பொருந்திய மொழி தமிழே என்றோ வடமொழியே என்றோ முழங்குவதிலும் சாரமில்லை. யப்பானிய மொழியும் துருக்கிய மொழியும் வினையை ஈற்றில்தான் வைக்கின்றன. அவ்வளவு தூரம் ஏன் செல்லவேண்டும்? சிங்களமும் அவ்வாறே. கலஹாவில் ஒரே பேருந்தில் ஏறி வெவ்வேறு பாடசாலைகளில் இறங்கும் இரு பிள்ளைகளும் இக்குறியீட்டைத் தத்தம் தாய்மொழியில் வரிசை மாறாமல் வாசிக்கலாம். இருவருக்கும் அதனைக் கடினமாக்குவது மூன்றாவது மொழியில் நின்று அதனைத் ‘தலைகீழ்’ என்று அறிமுகப்படுத்துவதே. எமக்கு அது தலைகீழ் அன்று, நேரானது. ‘ஈற்றுவினைக் குறியீடு’ என்று தமிழில் வழங்கினால், பெயரைக் கேட்டவுடனே பாதி விளங்கிவிடும்.

பரீட்சையில் புள்ளி கிடையாத ஒன்றுக்கு நேரம் ஏது என்று ஆசிரியர் சிலர் கேட்பர். அவர்களது சுமை நாம் அறியாததன்று. ஆயினும் இதற்கு வேண்டியது தவணைக்கு இரண்டு பாடவேளை. வெட்டிய அட்டைத் துண்டுகள் ஒரு கட்டு. கணினி தானும் வேண்டா. எண்ணட்டைகளை ஒரு மாணவன் அடுக்க, குறியட்டை பெற்றவன் மேலிருந்து இரண்டை எடுத்து, விடையை எழுதி வைக்க, வகுப்பு முழுவதும் வாக்கியத்தை உரக்கச் சொல்லட்டும். கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்பதற்கு இதனினும் நல்ல காரணம் கிடைப்பது அரிது. பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய பழைய மாணவர் எவரேனும் விடுமுறையில் வந்து இரண்டு பாடவேளை தந்தால், நன்கொடைப் பட்டியலில் அதனையும் ஒரு பெருந்தொகையாகவே நாம் எழுதுவோம். அட்டைகளுக்கான செலவைச் சங்கம் ஏற்றல் தகும்.

மலரைக் கையில் எடுத்த மாணவர் இரண்டை முயல்க. முதலாவது: 6 2 ÷ 5 + 4 1 − ×. இதனை உருபின்றி ஒருமுறையும், உருபோடு ஒருமுறையும் வாசித்து, எச்சம் எது முற்று எது என்று குறிப்பிடுக. இரண்டாவது: 7 2 + ×. இதில் வினை ஒன்று பெயருக்காகக் காத்து நிற்கின்றது. விடை 27 ஆகவேண்டுமாயின் எவ்வெண்ணை எவ்விடத்தில் இடலாம்? இடங்கள் ஒன்றுக்கு மேற்பட்டன என்பதை மட்டும் சொல்லி வைக்கின்றோம்.